வினை நிலைமையைத் தேடும் மாடல்: ஒரு சுசுகி இணைப்பைத் தானியங்கியில் ஏற்றிய அனுபவம்

மருந்து மூலக்கூறைத் தேடும் வேலை நான்கு கட்டங்களாகச் சுற்றிச் சுற்றி வரும்: வடிவமைப்பது, தயாரிப்பது, சோதிப்பது, அலசுவது. பெரும்பாலும் வேலை சிக்கி நிற்பது இரண்டாவது கட்டத்தில்தான். கணினியில் எத்தனை மூலக்கூறுகளை வேண்டுமானாலும் வரையலாம். கடைசிப் படியின் விளைச்சல் (கிடைக்க வேண்டிய பொருளில் உண்மையில் கிடைத்த பங்கு) பத்து சதவீதத்தோடு நின்றுவிட்டால், உயிரியல் சோதனைக்கு அனுப்பச் சில மில்லிகிராம் கூடத் தேறாது. "இது செய்ய வராது" என்று பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்த மூலக்கூறு நோய்க்கு எதிராக வேலை செய்யுமா என்று யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள். வினையின் நிலைமை (கரைப்பான், வெப்பநிலை போன்றவை) சரியாக அமையவில்லை என்ற ஒரே காரணத்தால் அது போய்விடும். நல்ல நிலைமையை ஒரு கணினி மாடல் தேடிச் சொல்ல, ரோபோவைக் கொண்டு செய்து பார்க்கும் இந்தத் தானியங்கி வேலையில் எனக்கு அக்கறை வந்ததே இதனால்தான்.

எங்கள் கையில் இருந்தது ஒரு சுசுகி இணைப்பு. பல்லேடியம் வினையூக்கியின் துணையோடு ஒரு ஹாலைடையும் (புரோமின் போன்ற அணு ஒட்டிய மூலக்கூறு) ஒரு போரோனிக் அமிலத்தையும் (போரான் ஒட்டியது) கார்பன்-கார்பன் பிணைப்பால் சேர்ப்பது. 2010-இல் ஹெக், நெகிஷி ஆகியோருடன் அகிரா சுசுகிக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்த வகை வேலைக்குத்தான். மருந்து வேதியியலில் தினமும் கையாளப்படும் வினை. எங்கள் பக்கம் பைரிமிடின் வளையத்தில் ஒரு புரோமின், எதிர்ப்பக்கம் தயோபீன்-2-போரோனிக் அமிலம். சிக்கல் இரண்டாவதில் இருந்தது. இந்த அமிலத்தைச் சூடான காரக் கரைசலில் விட்டால் இணைப்பு நடக்கும் முன்பே போரானை உதிர்த்துவிட்டு வெறும் தயோபீனாக மாறிவிடும். ஆக, இரண்டு வினைகள் போட்டி போடுகின்றன. வெப்பத்தைக் கூட்டினால் இரண்டுமே வேகமாகின்றன.

வழக்கமான முறை என்னவென்றால், ஒரு நேரத்தில் ஒரு காரணியை மாற்றிப் பார்ப்பது. முதலில் கரைப்பான், அதில் சிறந்ததை வைத்துக்கொண்டு காரம், அப்புறம் லிகண்ட் (பல்லேடியத்தோடு ஒட்டி அதன் இயல்பை மாற்றும் மூலக்கூறு), கடைசியில் வெப்பநிலை. காரணிகள் ஒன்றையொன்று பாதிக்காத இடத்தில் இது போதும். இங்கே அப்படி இல்லை. 80 டிகிரியில் உதவாத லிகண்ட் 40 டிகிரியில் மிகச் சிறந்ததாக இருக்கலாம்; 80-இல் வைத்தே லிகண்டைத் தேர்ந்துவிட்டால் அந்த மூலைக்குப் போகவே மாட்டோம்.

தேடும் பரப்பை இப்படி அமைத்தோம்: 8 லிகண்ட், 3 காரம், 4 கரைப்பான், 3 வெப்பநிலை (40, 60, 80 டிகிரி செல்சியஸ்), 3 பல்லேடிய அளவு. பெருக்கினால் 864. டெட்ராஹைட்ரோஃபியூரானின் கொதிநிலை 66 டிகிரி. வினைக் குப்பிகளை வரிசையாக வைக்கும் எங்கள் தட்டின் மூடி அழுத்தத்தைத் தாங்கும் வகை அல்ல. அதனால் அதை 80 டிகிரியோடு சேர்க்கும் 72 சேர்க்கைகளையும் முதலிலேயே நீக்கிவிட்டோம். மீதி 792. இப்படிப்பட்ட தடைகளை மாடல் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விடக் கூடாது. தெரிந்த ஆபத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

எந்த இயந்திரத்தையும் தொடும் முன் மென்பொருளை மட்டும் தனியாகச் சோதித்தோம். 2021-இல் அமெரிக்க வேதியியலாளர் ஆபிகெயில் டாய்லின் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட பேயீசியன் உகப்பாக்க (செய்த சோதனைகளிலிருந்து கற்று அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் முறை) ஆய்வோடு ஒரு நல்ல தரவுத்தொகுப்பு கிடைக்கிறது: 12 லிகண்ட், 4 காரம், 4 கரைப்பான், 3 வெப்பநிலை, 3 செறிவு, மொத்தம் 1728 வினைகள், அத்தனையும் நிஜமாகச் செய்து அளந்தவை. விளைச்சல்களை மறைத்து வைத்துவிட்டு, நம் நிரல் கேட்கும் வரிசையில் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினால் போதும். கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுப்பதைவிட நிரல் வேகமாக உச்சிக்குப் போகவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒத்திகைக்கு ஒரு சொட்டுக் கரைப்பான் கூடச் செலவாகாது. இதைத் தவிர்ப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. ஐம்பது வேதியியலாளர்களையும் பொறியாளர்களையும் அதே தரவுத்தொகுப்பில் விளையாட்டாக ஆட வைத்தார்கள். முதல் சில சோதனைகளில் மனிதர்கள்தான் முந்தினார்கள். அதன் பிறகு அல்காரிதம் அவர்களைத் தாண்டிப் போனது. இதிலிருந்து நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம். முதல் சுற்றில் பாதிக் குப்பிகளை வேதியியலாளர் தேர்ந்தெடுப்பார். மீதிப் பாதி பரப்பெங்கும் பரவலாக விழும்படி நிரல் தேர்ந்தெடுக்கும். அனுபவசாலியின் முதல் ஊகம் மதிப்புள்ளது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் எழுமாற்றில் தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாங்கள் எடுத்த மாடல் காசியன் பிராசஸ் என்ற புள்ளியியல் முறை. இதன் வேர் சுரங்கத்தில் இருக்கிறது: 1950-களில் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் டேனி கிரீக், சில இடங்களில் மட்டும் துளையிட்டு எடுத்த மாதிரிகளைக் கொண்டு, நடுவில் உள்ள பாறையில் எவ்வளவு தங்கம் இருக்கும் என்று கணிக்க முயன்றார். எங்கள் தேவையும் அதேதான். செய்த வினைகள் சில, செய்யாதவை பல. செய்யாத ஒவ்வொன்றுக்கும் மாடல் இரண்டு எண்களைத் தரும்: எதிர்பார்க்கும் விளைச்சல் ஒன்று, அதில் தனக்கு இருக்கும் ஐயம் இன்னொன்று. இந்த இரண்டையும் சேர்த்து, இதுவரை கிடைத்த சிறந்த விளைச்சலை ஒரு நிலைமை சராசரியாக எவ்வளவு தாண்டக்கூடும் என்று கணக்கிட்டு, அதில் மேலே வருவதை அடுத்துச் செய்கிறோம். நல்ல இடத்துக்குப் பக்கத்தில் தோண்டுவதும், யாரும் போகாத இடத்தை எட்டிப் பார்ப்பதும் இந்த ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன. பைத்தானில் போடார்ச் நூலகம் இதையெல்லாம் தயாராக வைத்திருக்கிறது. அதில் நாங்கள் எழுதியது மிகக் குறைவு. இரண்டு நிலைமைகள் எவ்வளவு ஒத்தவை என்று அளக்கும் கெர்னல் சார்புக்கு மாட்டர்ன் 5/2 என்ற வகை. தரவு குறைவாக இருக்கும் தொடக்கத்தில் நீள அளவுகோல்களுக்கு (ஒரு காரணி எவ்வளவு மாறினால் விளைச்சல் மாறும் என்று சொல்லும் எண்கள்) ஒரு முன்பரவல், அதாவது தொடக்க ஊகம், கொடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மூன்று புள்ளிகளைப் பார்த்துவிட்டு "வெப்பநிலை ஒரு பொருட்டே இல்லை" என்று மாடல் உறுதியாக நம்பிவிடும்.

லிகண்டை மாடலுக்கு எப்படிச் சொல்வது? எட்டு பெயர்களுக்கு எட்டுப் பெட்டி போட்டு, உரியதில் ஒன்று, மற்றதில் பூஜ்யம் என்று கொடுக்கலாம். அப்படிச் செய்தால் எக்ஸ்பாஸ், எஸ்பாஸ் என்ற இரண்டு லிகண்டுகளும் நெருங்கிய உறவு என்பது மாடலுக்குத் தெரியாது. எல்லா லிகண்டும் ஒன்றுக்கொன்று சம தூரத்தில் நிற்கும். அதனால் பருமனையும் மின்னணு இயல்பையும் சொல்லும் எண்களைக் கொடுத்தோம். லிகண்ட் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று சொல்லும், வேதியியலாளர் டோல்மன் வகுத்த கூம்புக் கோணம் எளிமையான உதாரணம்: டிரைஃபீனைல்பாஸ்பீனுக்கு 145 டிகிரி, டிரைசைக்ளோஹெக்சைல்பாஸ்பீனுக்கு 170, டிரை-டெர்ட்-பியூட்டைல்பாஸ்பீனுக்கு 182. ஆனால் இத்தகைய எண்களை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. 2018-இல் டாய்ல் குழுவின் இன்னொரு ஆய்வு சயன்ஸ் இதழில் வந்தது. கார்பன்-நைட்ரஜன் பிணைப்பை உண்டாக்கும் பக்வால்டு-ஹார்ட்விக் வினைகளின் விளைச்சலைக் குவாண்டம் கணக்கீட்டு எண்களைக் கொண்டு கணித்தார்கள். அதற்கு வந்த மறுமொழியில், அந்த எண்களுக்குப் பதிலாக எழுமாற்று எண்களைப் போட்டாலும் கிட்டத்தட்ட அதே அளவு கணிப்பு வருகிறது என்று சுவாங்கும் கைசரும் காட்டினார்கள். அதைப் படித்த பிறகு, பெட்டி முறை மாடலையும் எப்போதும் பக்கத்திலேயே ஓட்டிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. இந்த வேலையில் விவரண எண்கள் தொடக்கத்தில் உதவின. தரவு சேரச் சேர இரண்டு மாடல்களும் ஏறத்தாழ ஒரே நிலைமைகளைத்தான் கேட்டன.

பாடநூல்களில் அதிகம் பேசப்படாத ஒரு சிக்கல் உண்டு. மாடல் ஒரே சுற்றில் 40, 60, 80 மூன்றிலும் குப்பிகளைக் கேட்கும். சூடேற்றும் பலகைக்கோ ஒரு நேரத்தில் ஒரே வெப்பநிலைதான். மாடலின் போக்கிலேயே விட்டால் தட்டில் பாதிக் குழிகள் காலியாகக் கிடக்கும். அதனால் தேர்வை இரண்டு படிகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு முழுத் தட்டை நிரப்பினால் மொத்தம் எவ்வளவு பயன் எதிர்பார்க்கலாம் என்று தனித்தனியே கணக்கிடுவது. எது மேலே வருகிறதோ அந்த வெப்பநிலைத் தட்டை மட்டும் ஓட்டுவது. தட்டுக்குள் ஒரு குப்பியைத் தேர்ந்ததும் அதன் கணிப்பையே விளைவாக எடுத்துக்கொண்டு, மாடலைப் புதுப்பித்து, அடுத்த குப்பிக்குப் போவோம். இப்படிச் செய்யாவிட்டால் தட்டு முழுக்க ஒரே மாதிரியான நிலைமைகள் வந்து நிரம்பிவிடும்.

சரி, இனி திரவங்களைக் கையாளும் ரோபோ. என் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போனது, அது தகுந்த செலவு என்றே நினைக்கிறேன். காற்றைத் தள்ளி உறிஞ்சும் பிப்பெட்டுகள் தண்ணீருக்காக வடிவமைக்கப்பட்டவை. டெட்ராஹைட்ரோஃபியூரானை உறிஞ்சினால் அதன் ஆவி முனைக்குள் பரவி, அழுத்தம் கூடி, குப்பிக்குப் போகும் வழியிலேயே சொட்ட ஆரம்பிக்கும். 50 மைக்ரோலிட்டர் எடுத்ததில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது குப்பிக்குக் குப்பி மாறும். மாடலின் கண்ணுக்கு இது வேதியியலாகத்தான் தெரியும்! தீர்வு எளிதானது: உறிஞ்சுவதும் வெளியேற்றுவதுமாக முனையைச் சில முறை நனைத்து, உள்ளே இருக்கும் காற்றை ஆவியால் நிறைவித்துவிட்டு, அப்புறம் உண்மையான அளவை எடுப்பது, கடைசியில் கொஞ்சம் காற்றையும் உறிஞ்சி முனையில் ஓர் இடைவெளி விடுவது. சரியாகிவிட்டதா என்பதைத் தராசில்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கரைப்பானையும் வெறும் குப்பிகளில் ஊற்றி, எடை போட்டு, அடர்த்தியால் வகுத்து, சிதறல் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் வரும்வரை வேகங்களைத் திருத்தினோம்.

காரங்களைத் திடப்பொருளாகக் கொடுக்கும் எண்ணத்தை ஆரம்பத்திலேயே கைவிட்டோம். மில்லிகிராம் அளவில் பொட்டாசியம் பாஸ்பேட் பொடியைச் சீராக நிறுத்துப் போடுவது தனிக் கருவி வேண்டும் வேலை. நீர்க்கரைசலாக வைத்தால் பிப்பெட்டே போதும். இந்த வினைக்குத் தண்ணீர் எப்படியும் வேண்டும். பல்லேடியத்தையும் லிகண்டையும் ஏற்கெனவே பிணைத்த ப்ரீகேட்டலிஸ்ட்டாகவே வாங்கினோம். அதைக் கரைசலாகக் குப்பிகளில் ஊற்றி, கரைப்பானை வெற்றிடத்தில் ஆவியாக்கிவிட்டால், அடியில் வினையூக்கி மெல்லிய படலமாகத் தங்கும். பிறகு எந்தக் கரைப்பானை ஊற்றினாலும் கலப்படம் இருக்காது. இதெல்லாம் நைட்ரஜன் நிரப்பிய, காற்றுப் புகாத க்ளவுபாக்ஸ் பெட்டிக்குள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரு குட்டிக் காந்தக் குச்சி. இரண்டு அடுக்குத் திரவம் சரியாகக் கலங்காவிட்டால் விளைச்சல் வெறும் கலக்கலின் அளவாகிவிடும்.

அளவீட்டுக்கு, கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் வரைபடத்தில் ஒரு பீக்காக (மேடாக) காட்டும் எச்பிஎல்சி கருவி, 254 நானோமீட்டரில் புற ஊதா ஒளி. வினை முடிந்ததும் அசிட்டோநைட்ரைலில் கரைத்த டை-டெர்ட்-பியூட்டைல்பைஃபீனைலை அகத்தரமாக (ஒப்பிட்டுப் பார்க்கும் பொருளாக) எல்லாக் குப்பிகளிலும் ஒரே அளவு சேர்த்தோம். பொருளின் பீக் பரப்பை அகத்தரத்தின் பீக் பரப்பால் வகுத்துவிட்டால், வழியில் கரைப்பான் கொஞ்சம் ஆவியாகிப் போயிருந்தாலும் கணக்குத் தப்பாது. அதற்கு முன் சுத்தமான பொருளைக் கொண்டு அளவுக்கோடு வரைந்திருக்க வேண்டும். பீக் பரப்பையே சதவீதமாக எடுத்துக்கொள்ளும் குறுக்குவழி இந்த வேலைக்கு உதவாது.

இங்கே நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆரம்பச் சுற்றுகளில் டிரைஃபீனைல்பாஸ்பீன் இருந்த குப்பிகள் எல்லாமே ஓரளவு விளைச்சல் காட்டின. கரைப்பான் எதுவானாலும், காரம் எதுவானாலும், ஏறக்குறைய ஒரே அளவு. பல்லேடியம் கூடினால் மட்டும் கூடியது. மாடல் இதைப் பார்த்து அந்த லிகண்டைத் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தட்டிலும் புரோமைடு சேர்க்காத கட்டுப்பாட்டுக் குப்பிகளை வைப்பது எங்கள் வழக்கம். அவற்றை விரித்துப் பார்த்தால், பொருள் உருவாகவே முடியாத குப்பியிலும் அதே நேரத்தில் ஒரு பீக் நிற்கிறது. மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறைநிறமாலையில் 279 என்று வந்தது. டிரைஃபீனைல்பாஸ்பீன் ஆக்சைடு புரோட்டான் ஏற்றால் வரும் நிறை அதுதான். லிகண்ட் ஆக்சிஜனேற்றமடைந்து, எங்கள் பொருளின் பீக்குக்கு அடியிலேயே ஒளிந்திருந்தது. நகரும் கரைசலின் கலவை மாறும் வேகத்தைக் குறைத்ததும் இரண்டு பீக்குகளும் பிரிந்தன. பழைய சாம்பிள்கள் அத்தனையையும் மறுபடி ஓட்டி, எண்களைத் திருத்தி, மாடலை முதலிலிருந்து பயிற்றுவித்தோம். அடுத்த சுற்றிலேயே அது அந்த லிகண்டைக் கேட்பதை நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டுக் குப்பிகள் இடத்தை வீணாக்குகின்றன என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு குரோமட்டோகிராம்களைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

இரட்டைக் குப்பிகளும் அப்படித்தான். ஒரே நிலைமையைத் தட்டின் வெவ்வேறு இடங்களில் வைத்தால்தான் நம் அளவீட்டின் உண்மையான சிதறல் தெரியும். ஓரக் குழிகள் நடுக் குழிகளைவிடக் கொஞ்சம் குளிர்ந்தே இருந்தன. அதனால் நிலைமைகளை வரிசையாக அடுக்காமல் எழுமாற்றில் கலைத்து வைத்தோம். பூஜ்ய விளைச்சல்களை ஒன்று விடாமல் பதிவு செய்தோம். ஆய்வுக்கட்டுரைகளில் தோல்விகள் அநேகமாக அச்சாவதில்லை. மாடலுக்கோ எங்கே போகக் கூடாது என்பதும் பாடம்தான்.

தேடல் போன போக்கைச் சொல்கிறேன். வேதியியலாளர் தேர்ந்த முதல் குப்பிகள் 80 டிகிரிப் பக்கம் சாய்ந்திருந்தன. மந்தமான புரோமைடுக்கு அது நியாயமான ஊகம். விளைச்சல் பாதியைக்கூட எட்டவில்லை. குரோமட்டோகிராமில் புரோமைடு நிறைய மிஞ்சியிருந்தது, போரோனிக் அமிலம் சுத்தமாகக் காணவில்லை. போரான் உதிர்ந்துவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். மாடலுக்கு இந்தக் காரணமெல்லாம் தெரியாது, அது விளைச்சல் எண்ணை மட்டுமே பார்க்கிறது. ஆனாலும் அது கீழே இறங்கியது. 60, பிறகு 40. எக்ஸ்பாஸ், பொட்டாசியம் பாஸ்பேட், டெட்ராஹைட்ரோஃபியூரான்: விளைச்சல் எழுபதைத் தாண்டி, எண்பதுகளின் நடுவில் போய் நின்றது.

இலக்கியம் தெரிந்தவர்களுக்கு இந்த விடை புதிதாக இருக்காது. வேதியியலாளர் பக்வால்டின் குழு 2010-இல் வெளியிட்ட வேலை இதே திசையைக் காட்டுகிறது: வேகமாக விழித்தெழும் எக்ஸ்பாஸ் ப்ரீகேட்டலிஸ்ட் இருந்தால், நிலையற்ற போரோனிக் அமிலங்களைக் குறைந்த வெப்பநிலையிலேயே, அவை சிதையும் முன் இணைத்துவிடலாம். அதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் மாடல் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது எனக்கு நம்பிக்கை தந்தது. அதைவிடப் பயன்பட்டது அது வரைந்து தந்த படம். 40 டிகிரியில் பல்லேடியத்தைக் குறைந்த அளவுக்கு இறக்கினாலும் விளைச்சல் அவ்வளவாகச் சரியவில்லை. 80-இல் அதே மாற்றம் வினையையே கவிழ்த்தது. ஒரு நேரத்தில் ஒரு காரணி என்று போயிருந்தால் காரணிகளுக்கு இடையிலான இந்தப் பிணைப்பு எங்கள் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பு குறைவு. இது வெறும் சிக்கனக் கணக்கும் அல்ல. மருந்துத் தர நெறிகளை வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச்சின் வழிகாட்டுதலின்படி வாய்வழி மருந்தில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆரம்பத்திலேயே குறைவாகப் போட்டால் பின்னால் நீக்க வேண்டியதும் குறைவு.

எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம். இன்னும் எவ்வளவு கூடக்கூடும் என்று மாடல் எதிர்பார்க்கும் அளவு, இரட்டைக் குப்பிகளின் சிதறலைவிடச் சிறிதாகிவிட்டால் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேடினால் இரைச்சலைத்தான் துரத்துவோம்.

கடைசியில் சிறந்த நிலைமையைச் சாதாரண வட்டக்குடுவையில், நூறு மடங்கு பெரிய அளவில் செய்து பார்த்தோம். பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த விளைச்சல் குப்பியில் அளந்ததைவிடக் கொஞ்சம் குறைந்தது. காலம் குரோமட்டோகிராபியில் (குழாயில் நிரப்பிய பொடி வழியே கலவையைப் பிரிப்பது) அவ்வளவு போவது வழக்கம்தான். கலக்கும் வேகத்தைக் குறைத்தபோது மட்டும் வினை தெளிவாக மந்தமானது. இரண்டு அடுக்குத் திரவத்தில் இது எதிர்பார்க்க வேண்டியதே. பெரிய அளவுக்குப் போகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியதும் இதுதான்.

இப்போது அதே பைரிமிடினோடு ஃபியூரான்-2-போரோனிக் அமிலத்தைச் சேர்க்கும் வேலை ஓடுகிறது. பழைய தரவை அப்படியே கலக்காமல், எந்தப் போரோனிக் அமிலம் என்பதையும் ஒரு காரணியாகச் சேர்த்து மாடலுக்குக் கொடுத்திருக்கிறோம். எந்த அளவுக்கு இரண்டும் ஒத்துப்போகின்றன என்பதை அதுவே தரவிலிருந்து கற்கட்டும். முதல் சுற்றில் 80 டிகிரிக் குப்பிகள் இரண்டே இரண்டுதான். அவற்றையும் வேதியியலாளர்தான் வைக்கச் சொன்னார், நானும் சரி என்றேன்.